பதினேழாம் டிரம்மும் மருதாசலத்தின் மஞ்சளும்

வானத்துக்குப் போகவேண்டிய ராக்கெட்டில் ஒரு பங்கு, போவதற்கு முன்னாலேயே பூமியில் விழுந்துவிட்டது. விழுந்த இடம், நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே ஆத்தூர் ரோட்டை ஒட்டியிருந்த மருதாசலத்தின் மஞ்சள் காடு.

அது ஒரு நீல நிற டிரம். வளைவில் லாரியின் பின்கதவுக் கொண்டி கழன்றது. டிரம் ரோட்டில் குதித்தது, வரப்பில் ஏறி இறங்கியது, நேராக உருண்டு வந்து மஞ்சள் வேகவைக்கிற கொப்பரைக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு கல்லில் முட்டி நிமிர்ந்து நின்றது. அதன் வயிற்றில் வெள்ளைச் சாயத்தில் 17 என்று எழுதியிருந்தது.

மருதாசலம் அந்த நேரத்தில் அடுப்புக் குழிக்குப் பக்கத்தில் கையில் தீப்பெட்டியோடு குனிந்திருந்தார். குச்சியை உரசப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, என்னமோ உருண்டு வந்து நிக்குதுங்க" என்றாள் மனைவி வள்ளியாத்தாள்.

"தெரியுது புள்ள. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது."

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். மழை கைவிட்ட வருஷம். கிணற்றில் இருந்த தண்ணீர் ஒரு பயிருக்குத்தான் போதும் என்று ஆனபோது மருதாசலம் கடலைக்காட்டைக் காயவிட்டார், பருத்தியைக் காயவிட்டார், மஞ்சளுக்கு மட்டும் பாய்ச்சினார். பத்து மாதம் மண்ணுக்குள் இருந்த கிழங்கை நேற்றுத்தான் வெட்டி முடித்திருந்தார்கள். அறுபத்திரண்டு மூட்டை. அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் அது ஒன்றுதான்.

வெட்டிய மஞ்சளைப் பத்து நாளைக்குள் வேகவைத்தாக வேண்டும். தவறினால் முளைவிடும், பிறகு அழுகும். அழுகிய மஞ்சளை மண்டியில் காலால்கூடத் தள்ளிப் பார்க்கமாட்டார்கள்.

அரைமணி நேரத்தில் லாரி திரும்பி வந்தது. டிரைவர் செங்கோடன் எருமப்பட்டிக்காரன். இறங்கும்போதே கும்பிட்டுக்கொண்டு இறங்கினான்.

"கோவிச்சுக்காதீங்ணா. கொண்டி கழண்டுபோச்சு. ஒரு கை குடுங்க, நாலு பேரு சேந்தா ஏத்திரலாம்."

மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். வள்ளியாத்தாள்கூட முந்தானையைச் செருகினாள். அப்போது லாரியின் மறுபக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கக்கத்தில் ஃபைலோடு குதித்தார்.

"யாரும் தொடக்கூடாது! இது சம்பவம்!"

அவர் உந்துபொருள் உட்பொருள் வாரியத்தின் பாதுகாவல் உதவியாளர். ராக்கெட்டை உந்துகிற பொருளுக்குள்ளே என்னென்ன பொருள் இருக்கவேண்டுமோ அந்தப் பொருள்களை வாங்கி, எண்ணி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதற்கென்று ஏற்பட்ட வாரியம் அது. உதவியாளர் விளக்கினார்.

"இறக்கப்படுகிற டிரம் சரக்கு. விழுகிற டிரம் சம்பவம். சரக்கைத் தூக்கலாம். சம்பவத்தைத் தூக்க விதியில்லை. விசாரணைக் குழு வரும், பார்க்கும், சம்பவம் முடிந்தது என்று கையெழுத்துப் போடும். அதுவரை இது இங்கேதான்."

"உள்ள என்னுங்க இருக்குது?" என்றார் மருதாசலம்.

உதவியாளர் சொல்ல மறுத்துவிட்டார். செங்கோடன் சொன்னான்.

"ரப்பருங்ணா. மரத்துல வடியற ரப்பரு இல்லீங்க, ஆலையில செய்யற ரப்பரு. தேனாட்டம் கொழகொழன்னு இருக்கும். பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு ஊத்தறமல்லங்க, அந்தச் சங்கதிதான். ராக்கெட்டு மருந்தையும் அலுமினியப் பொடியையும் பொரின்னு வெச்சுக்கங்க, இது பாகு. கலந்து ஊத்திப் பதமாச் சூடு காட்டுனா எல்லாத்தையும் புடிச்சுக்கிட்டு ரப்பராட்டம் எறுகிரும். பொறவு பத்தவெச்சா பொரியும் பாகும் சேந்தே எரியும்."

"பாகு மட்டும் தனியா இருந்தா?"

"பாகு தனியா இருந்தா என்ன பண்ணுமுங்க? சும்மா கெடக்கும். எட்டு வருஷமா ஏத்தறேன். தொப்பூர் மேட்டுல வண்டி நின்னப்ப டிரம்முக்குப் பக்கத்துல கல்லு கூட்டி ரசம் வெச்சுக் குடிச்சிருக்கறேன்."

உதவியாளர் பேனாவை எடுத்தார். "ரசம் வைத்தது எந்தத் தேதி?"

செங்கோடன் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

உதவியாளர் கயிறு கேட்டார், சுண்ணாம்பு கேட்டார். டிரம்மை நடுவில் வைத்து முந்நூறு அடிக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் வீடு வந்தது, மாட்டுக்கொட்டகை வந்தது, அடுப்புக் குழி வந்தது, அறுபத்திரண்டு மூட்டை மஞ்சள் குவியலும் வந்தது.

"வட்டத்துக்குள் நெருப்புக் கூடாது."

"எந்த நெருப்புங்க?"

"எல்லா நெருப்பும். அடுப்பு, விளக்கு, பீடி, கற்பூரம்."

"வெயிலுங்க?" என்று கேட்டாள் வள்ளியாத்தாள்.

உதவியாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "வெயிலைப் பற்றி ஒன்றும் இல்லை. மேலிடத்துக்கு எழுதுகிறேன்."

டிரம்முக்குக் காவலாக உள்ளூர் வீரனைத் தினக்கூலிக்கு அமர்த்திவிட்டு லாரி போய்விட்டது. வீரனுக்கு ஒரு விசிலும், 'அபாயம்' என்று எழுதிய சிவப்புப் பட்டையும் கொடுத்தார்கள். நிற்கச் சொன்னார்களே தவிர உட்கார ஒன்றும் கொடுக்கவில்லை. வீரன் டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்தான். காலை ஆட்டிக்கொண்டே பீடி பற்றவைத்தான்.

"டேய் வீரா, நெருப்பு ஆகாதுன்னு சொல்லிப்போட்டுப் போறாங்க, நீ அதும் மேலயே உக்காந்து பீடி குடிக்கறயே!" என்றார் மருதாசலம்.

"அந்த உத்தரவு உங்களுக்குத்தானுங்க. வட்டத்துக்குள்ள குடியிருக்கறவங்களுக்கு. நான் ஆப்பீசு ஆளுங்க" என்றான் வீரன். சொல்லிவிட்டு விசிலை ஒருமுறை ஊதிக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் வீட்டிலிருந்து சோறு வந்தது. முதல் நாள் குழம்போடு வந்தது. இரண்டாம் நாள் ரசத்தோடு வந்தது. மூன்றாம் நாள் வந்த சோற்றோடு, "இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்ற கேள்வியும் வந்தது.

நான்காம் நாள் மருதாசலம் பஸ் ஏறிச் சேலம் போனார்.

வாரியத்தின் சேலம் கிளை ஒரு வாடகை வீட்டில் இருந்தது. துணை இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். மருதாசலத்தின் மனுவை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. என் கஷ்டம் உங்களுக்குப் புரியவேண்டும். இந்த ரப்பர் எரியாது என்று நான் எழுதினால், எரியாத பொருளை ராக்கெட்டுக்கு ஏன் வாங்கினாய் என்று கேட்பார்கள். எரியும் என்று எழுதினால், எரிகிற பொருளை ஓட்டைக் கொண்டி போட்ட லாரியில் ஏன் ஏற்றினாய் என்று கேட்பார்கள். ஆகவே, 'எரியக்கூடும், இதுவரை எரிந்ததில்லை' என்று எழுதியிருக்கிறேன். நான் சர்வீஸில் எழுதிய வாக்கியங்களிலேயே சிறந்தது இதுதான்."

"என்ற மஞ்சளுங்க..."

"அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். 'அருகில் மஞ்சள் நிற வேளாண் பொருள் காணப்பட்டது.'"

"பத்து நாளைக்குள்ள வேகவெக்கோணுமுங்க. நாலு நாளு போயிருச்சு. கெழங்கு மூக்கு வெளுக்குது, மொளை தள்ளுது. எனக்கு வேற நாதியில்லீங்க."

துணை இயக்குநர் யோசித்தார். அவருக்கே மனம் கேட்கவில்லை. எழுந்து வந்து, மருதாசலத்தின் தோளில் கைவைத்து, கதவைச் சாத்திவிட்டு, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "டிரம்மைத்தானே நகர்த்தக்கூடாது? மஞ்சளை நகர்த்துங்கள்."

இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று மருதாசலம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு வண்டிகள் ஓடின. அறுபத்திரண்டு மூட்டையும் வட்டத்தைத் தாண்டிச் சின்னண்ணன் காட்டின் ஓரத்துக்குப் போயின. கொப்பரையை ஆறுபேர் தூக்கினார்கள். ஆறாம் நாள் காலையில் புதுக் குழி தோண்டி, காய்ந்த மஞ்சள் தோகையையும் கருவேல விறகையும் அடுக்கி, கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, முதல் இரண்டு மூட்டையைக் கொட்டி, மருதாசலம் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். தீப்பெட்டியைத் திறந்தார்.

ரோட்டில் ஜீப் நின்றது. பாதுகாவல் உதவியாளர் ஓடிவந்தார்.

"நிறுத்துங்கள்! சுற்றறிக்கை வந்திருக்கிறது!"

நாடு மீட்டருக்கு மாறி இருபது வருஷமாகிறது. வாரியத்துக்கு அந்தச் சேதி போன வாரம்தான் வந்திருந்தது. விதிகளில் 'அடி' என்று இருக்கும் இடமெல்லாம் 'மீட்டர்' என்று திருத்திக்கொள்ளவும் என்று சுற்றறிக்கை சொன்னது.

"அப்ப முந்நூறு அடிங்கறது..."

"முந்நூறு மீட்டர்."

"அது மூணு மடங்குக்கும் மேல வருமுங்களே! முந்நூறு அடிக்குத் தொண்ணூறு மீட்டரோ என்னமோதானுங்க வரும்!"

"அலகைத் திருத்தத்தான் உத்தரவு. எண்ணைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை" என்று சொல்லிவிட்டு உதவியாளர் சுண்ணாம்பு கேட்டார்.

புது வட்டத்துக்குள் பதினான்கு வீடுகள் வந்தன. டீக்கடை வந்தது. கொல்லர் உலை வந்தது. மாரியம்மன் கோயிலும் வந்தது. அடுத்த செவ்வாய் அம்மனுக்கு நோம்பி. பெண்கள் பொங்கல் வைக்கவேண்டும், பூவோடு எடுக்கவேண்டும். நெருப்புச் சட்டி இல்லாமல் பூவோடு எடுப்பது எப்படி என்று உதவியாளரிடம் கேட்டார்கள். 'சட்டி எடுக்கலாம், நெருப்பு மட்டும் வேண்டாம்' என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஊர் திரண்டு மருதாசலம் வீட்டு வாசலுக்கு வந்தது. அதுவரைக்கும் 'அந்த டிரம்மு' என்று சொன்னவர்கள் இப்போது வேறு மாதிரி பேசினார்கள்.

"உன்ற டிரம்மால எங்கூட்டுல ஒல வெக்க முடியல மருதாசலம்" என்றார் சின்னண்ணன். சோறு கொடுத்தவர்.

"என்ற டிரம்மா? நானா ஆர்டர் குடுத்து வாங்கினேன்?"

"அது என்னமோ, ஊருல இத்தனை காடு இருக்கறப்ப உன்ற காட்டுக்கு ஏன் வந்துது?"

இந்தக் கேள்விக்கு வாரியத்திடம்கூடப் பதில் இருந்திருக்காது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுச் சோறும் நின்றது. பக்கத்து வீட்டிலேயே சோறு இல்லை.

ஏழாம் நாள் அவர் மஞ்சள் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். உள்ளே கொதித்தது. ஊரெல்லாம் நெருப்பைத் தடுத்துவிட்டார்கள், குவியல் தன் பாட்டுக்கு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. வேகவேண்டிய விதமாக இல்லை. புளித்த வாடை வந்தது. வெளியே எடுத்த கையில் ஒரு கிழங்கு ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். குழைந்தது.

வள்ளியாத்தாள் அதைப் பார்த்தாள். குவியலைக் கிளறிப் பரப்பக் கூடை எடுத்து வந்தாள். இரண்டுபேரும் அன்று முழுவதும் அழுகலைப் பொறுக்கினார்கள். இரண்டு மூட்டை ஆயிற்று.

"பத்தவெச்சுப் போடுங்க" என்றாள் கடைசியில். "வாரது வரட்டும். செயிலுக்குப் போனாலும் வெந்த மஞ்சளை வெச்சுப்போட்டுப் போவீங்க."

"வீரன் விசிலடிப்பான்."

"அவன் பீடிக்கு நெருப்பு நாமதான குடுக்கறோம்?"

"அதயும் கேசுல சேத்துருவானுக."

எட்டாம் நாள் விசாரணைக் குழு வந்தது. இரண்டு ஜீப், ஐந்துபேர். குழுத் தலைவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். சேலம் துணை இயக்குநர் அவருக்குக் குடை பிடித்தார். டிரம்மைச் சுற்றி மூன்று முறை நடந்தார்கள். 'நீலம்' என்று எழுதினார்கள். 'உருளை' என்று எழுதினார்கள். முத்திரை உடையவில்லை, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று கண்டார்கள். களைத்துப்போய் டீ கேட்டார்கள்.

குழுவோடு வந்த பியூன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கினான். காட்டில் சமமான இடம் தேடினான். கட்டாந்தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. டிரம்மின் மேல்மூடி ஒன்றுதான் சமமாக இருந்தது. வீரனை எழுப்பிவிட்டு, அதன் மேல் ஸ்டவ்வை வைத்து, பம்ப் அடித்துப் பற்றவைத்தான். நீல நெருப்பு புஸ்ஸென்று எழுந்தது.

மருதாசலம் கையை நீட்டினார். "சாமி... நெருப்பு... அதும் மேலயே..."

தலைவர் திரும்பிப் பார்த்தார். "ஆமாம், அது விசாரணை நெருப்பு. விதி தடுப்பது தனியார் நெருப்பை."

டீ குடித்தபின் அவர் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசினார். குரல் கணீரென்று இருந்தது.

"இந்த நாடு விண்ணைத் தொடப்போகிறது. அதற்காக ஒரு கிராமம் பத்து நாள் அடுப்பெரிக்காமல் இருந்தால் என்ன? எங்களைப் பாருங்கள். வாரியம் தொடங்கிப் பதினோரு வருஷமாகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தீ விபத்து உண்டா? கிடையாது. ஏன்? நாங்கள் இதுவரை ஒரு கிராம்கூட எரித்துப் பார்த்ததில்லை. அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கும் வேண்டும்."

துணை இயக்குநர் கைதட்டினார். வீரனும் தட்டினான்.

மருதாசலம் தலைவரின் காலில் விழுந்தார். அவர் யார் காலிலும் அதற்கு முன் விழுந்தவர் இல்லை. எப்படி விழுவது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. முழங்காலில் கல் குத்தியது.

"சாமி, இன்னும் ரெண்டே நாளுங்க. கடலையக் காயவிட்டேன், பருத்தியக் காயவிட்டேன், இதுக்குத்தானுங்க தண்ணி எறைச்சேன். இதும் போச்சுன்னா நான் இந்தக் கெணத்துலயே உழுந்தர்றதத் தவிர வேற வழியில்லீங்க."

"கிணற்றில் விழுந்தால் அது இரண்டாவது சம்பவமாகும்" என்றார் தலைவர் கவலையோடு. "அதற்குத் தனிக் குழு போடவேண்டும்."

துணை இயக்குநர் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தலையசைத்தார்.

"சம்பவத்தை முடிக்க ஒரு வழி இருக்கிறது. அண்மை நெருப்புச் சோதனை. டிரம்முக்கு முப்பது அடியில் தினம் எட்டு மணி நேரம், மூன்று நாள் நெருப்பு எரியவேண்டும். நெருப்பின் மேல் ஏதாவது ஒரு பொருள் வெந்துகொண்டிருக்கவேண்டும், சும்மா எரித்தால் தணிக்கையில் வீண்செலவு என்பார்கள். டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சம்பவம் முடிந்தது."

"அப்ப பண்ணீர்லாமுங்களே!"

"விறகுக்கு டெண்டர் கூப்பிட்டு ஒன்பது வருஷமாகிறது. இன்னும் முடிவாகவில்லை."

மருதாசலம் தரையிலிருந்து எழுந்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்.

"வெறகு என்றதுங்க. கொப்பரை என்றதுங்க. ஆளும் நானுங்க. வேகறதுக்குப் பொருளு..." கையை மஞ்சள் குவியல் பக்கம் நீட்டினார். "...அதயே போட்டுக்கலாமுங்க. ஒரு பைசா வேண்டாமுங்க."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "இப்படிப்பட்ட குடிமக்கள் இருக்கும்வரை நம் ராக்கெட்டுகளுக்குக் குறைவில்லை" என்றார். நான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் மருதாசலம் கையெழுத்துப் போட்டார். படிக்க நேரமில்லை. கிழங்கு அழுகிக்கொண்டிருந்தது.

கொப்பரையும் மஞ்சள் மூட்டைகளும் மறுபடியும் பழைய குழிக்கே வந்தன. கயிறு வைத்து அளந்தார்கள். குழி முப்பத்திரண்டு அடியில் இருந்ததால் இரண்டு அடி நெருக்கித் தோண்டச் சொன்னார்கள். நெருப்பு போதிய அளவு அபாயமாக இல்லையாம்.

அன்று மத்தியானமே நெருப்பு எரிந்தது. இரண்டு நாளாக நெருப்பைப் பார்க்காத ஊர் வந்து வேடிக்கை பார்த்தது. பெண்கள் சட்டியைக் கொண்டுவந்து கொப்பரைக்குப் பக்கத்தில் கல் கூட்டி உலை வைத்தார்கள். 'துணைச் சோதனை' என்று உதவியாளர் எழுதிக்கொண்டார்.

ஒரு கொப்பரைக்கு இரண்டு மூட்டை. நுரை கட்டி, பொங்கி, ஆவியில் வாசம் மாறும். அப்போது ஈர்க்குச்சியால் குத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். மருதாசலம் குத்திப் பார்த்து அள்ளிக் கொட்டுவார், வள்ளியாத்தாள் அடுத்ததைப் போடுவாள். மணிக்கொரு தரம் வீரன் டிரம்மைத் தொட்டுப் பார்த்து, "சும்மாத்தான் இருக்குதுங்க" என்று கூவுவான். உதவியாளர் எழுதுவார். மூன்று நாளும் வீரன் கூவியது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிக் கொப்பரை இறங்கியது. பொறுக்கியது போக அறுபது மூட்டை. களத்தில் பரப்பியதும் ஊருக்கே வெளிச்சம் வந்ததுபோல இருந்தது. வள்ளியாத்தாள் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்தாள். உள்ளே நிறம் சாகவில்லை.

"பொழைச்சுது" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

இனிப் பதினைந்து நாள் வெயில். அது மட்டும்தான் பாக்கி. வெயிலை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை லாரி வந்தது. பின்னாலேயே இரண்டு ஜீப்பும் வந்தன. தலைவர் மாலையோடு இறங்கினார். மாலையை டிரம்முக்குப் போட்டார்.

"வாரியத்தின் வரலாற்றில் வெற்றிகரமாக எரிந்த முதல் நெருப்பு இது. சம்பவம் முடிந்தது. ஏற்றுங்கள்!"

கூலியாட்கள் இறங்கினார்கள். நேராகக் களத்துக்குப் போனார்கள். சாக்கை விரித்து, பரப்பியிருந்த மஞ்சளை அள்ள ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க! அது மஞ்சளுங்க! டிரம்மு அக்கட்டால இருக்குது!"

துணை இயக்குநர் படிவத்தைப் பிரித்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். டிரம் நீங்கலாக, சோதனை நெருப்புக்கு முப்பது அடிக்குள் எட்டு மணி நேரம் இருந்த பொருள்கள் யாவும் சோதனைச் சான்றுகள். அவை முத்திரையிட்டு வாரியத்தின் சேலம் கிடங்கில் ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்படும். கீழே மருதாசலத்தின் கையெழுத்து இருந்தது. நல்ல கையெழுத்து.

"அப்ப டிரம்முங்க?"

"அதன் காலக்கெடு போன மாதமே முடிந்துவிட்டது. பழைய ரப்பரை ராக்கெட்டில் ஊற்ற முடியாது. இனி அது சரக்கும் இல்லை, சம்பவமும் இல்லை. உங்கள் நிலத்தில் இருக்கிற ஒரு பொருள், அவ்வளவுதான்."

மருதாசலம் களத்துக்கும் லாரிக்கும் நடுவில் நின்றார். வாயில் எண் அட்டையும் அரக்கு முத்திரையுமாக ஒவ்வொரு மூட்டையாக அவரைக் கடந்து போயிற்று. செங்கோடன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஈரத்தோட கட்டறீங்க" என்றார். ஒரு மூட்டையை மறித்துப் பிடித்தார். "ஈரத்தோட கட்டுனா மூணே நாள்ல பூசணம் புடிச்சுருமுங்க. ஏழு வருசம் வெச்சிருக்கறதுன்னாலும் காயவெச்சு வெய்யுங்க. உங்க கெடங்குல மொட்டைமாடி இருக்குதுங்களா?"

"இருக்கிறது. காயவைக்க ஆள் இல்லை."

"நான் வாரனுங்க. சோறு வேண்டாம், கூலி வேண்டாம். பதினஞ்சு நாளு மாடியில பரப்பி அள்ளிக் கட்டிக் குடுத்துடறேன். பொருளு கெடாம இருந்தாச் சரிங்க."

"கிடங்குக்குள் வெளியாட்களை விட முடியாது. சான்றுகள் மட்டும்தான் உள்ளே போகலாம்."

கடைசி மூட்டை ஏறியது. செங்கோடன் வண்டியைக் கிளப்பினான். மருதாசலம் படிவத்தைத் துணை இயக்குநரின் கையிலிருந்து வாங்கினார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நெருப்புக்கு முப்பது அடிக்குள்ள எட்டு மணி நேரம் இருந்த பொருளெல்லாமுங்களா?"

"எல்லாம்."

"நானும் இருந்தனுங்க. மூணு நாளும்."

துணை இயக்குநர் தலைவரைப் பார்த்தார். தலைவர் படிவத்தை வாங்கிப் படித்தார். வெயிலில் பிடித்துப் படித்தார். விதியில் குறையில்லை. மூன்று நாளாக உதவியாளர் எழுதிய குறிப்பிலும், 'நெருப்புக்கு அருகில் விவசாயி ஒருவர் தொடர்ந்து காணப்பட்டார்' என்று மணிக்கொரு தரம் பதிவாகியிருந்தது.

"சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர்.

அறுபத்தோராவது அட்டையை எழுதி, கம்பியில் கோத்து, மருதாசலத்தின் மணிக்கட்டில் கட்டினார்கள். முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். சுட்டது. அவர் பின்சக்கரத்தில் கால்வைத்து ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஈரம் எது அதிகம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

லாரி நகர்ந்தது. வள்ளியாத்தாள் துணை இயக்குநரின் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஏனுங் சாமி! பதினஞ்சு நாளு கழிச்சு அவரை உட்டுருவீங்களல்லங்க?"

ஜீப் நின்றது. துணை இயக்குநர் நல்ல மனிதர். பொய் சொல்ல மனம் வரவில்லை. படிவத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏழு வருஷம் முடிந்ததும் எல்லாவற்றையும் பகிரங்க ஏலத்தில் விடுவோம் அம்மா. நீங்களும் வந்து கேட்கலாம்."